தஞ்சாவூரில் ஒரு சனி, ஞாயிறு

வெள்ளி இரவு எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் தஞ்சாவூர். குளித்துவிட்டு நேராகப் பெரிய கோயிலுக்குப் போங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள். அதைவிட, வெயில் ஏறியபின் அந்தக் கல்தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது.

எல்லோரும் அண்ணாந்து விமானத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் கொஞ்சம் குனிந்து அடிப்பகுதியையும், அப்புறம் சுற்றுமதிலையும் பாருங்கள். ராஜராஜன் 1010இல் கட்டி முடித்த கோயில் இது. யார் என்ன கொடுத்தார்கள், ஆடல் மகளிர் எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார்கள் என்பதுவரை கல்லில் வெட்டியிருக்கிறார்கள். எழுத்து பிடிபடாவிட்டாலும் பெயர்களைத் தேடிப் பார்ப்பதே சுகம்.

சாப்பிட்டுவிட்டு அரண்மனைக் கலைக்கூடம். அவசரப்படாதீர்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், காளையை வாகனமாகக் கொண்ட வெண்கலச் சிவன், அங்கே இருக்கிறார். பாம்பைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, இல்லாத காளைமேல் கையூன்றி நிற்பார். எனக்கு அவர் ஒருவருக்காகவே டிக்கெட் எடுக்கலாம்.

சரி, ஞாயிறு? கும்பகோணம் பஸ் பிடித்து தாராசுரத்தில் இறங்கிவிடுங்கள். அங்குள்ள சிவன் கோயில் பெரிய கோயிலைவிடச் சின்னது, சிற்பம் அதைவிட நுணுக்கம். தலையாட்டி பொம்மை வாங்குவதானால் முதல் நாளே வாங்கிவிடுங்கள். திரும்பும் அவசரத்தில் பேரம் படியாது.