மாதவிடாய் நின்ற பிறகு பெண்கள் செய்யும் தவறுகள்

தீட்டு நின்று மூன்று வருடமாகியிருக்கும். ஒரு நாள் உள்பாவாடையில் காசு அளவுக்குப் பழுப்புக் கறை. ‘உடம்புச் சூடு’ என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு இதுதான்.

கடைசித் தீட்டுக்குப் பின் 12 மாதம் முழுதாகக் கடந்துவிட்டால் மாதவிடாய் நின்றுவிட்டது என்று கணக்கு. அதன்பின் ஒரே ஒரு முறை, வலியே இல்லாமல், ஒரு சொட்டுப் பட்டாலும் அந்த வாரமே மகப்பேறு டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் பெண்ணுறுப்பின் அல்லது கர்ப்பப்பையின் சவ்வு உலர்ந்து மெலிந்ததோ சிறு சதை வளர்ச்சியோதான் காரணமாக இருக்கும். ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது கர்ப்பப்பை உட்சவ்வுப் புற்றுநோய். ஆரம்பத்திலேயே இப்படி ரத்தம் காட்டிக்கொடுப்பதால் பெரும்பாலும் குணப்படுத்திவிடக்கூடிய நோய் அது. அந்த வாய்ப்பை வெந்தயத் தண்ணீரில் கரைக்காதீர்கள். பெண்ணுறுப்பு வழியாக ஸ்கேன் எடுப்பார்கள். கர்ப்பப்பை உட்சவ்வு 4 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் பயாப்ஸி, அதாவது துளி சதை எடுத்துச் சோதிப்பது. ஸ்கேன் நார்மல் என்று வந்தபின் மறுபடி பட்டால், மறுபடியும் போக வேண்டும்.

‘எல்லாம் நின்னு போச்சே, இனி எதுக்குப் பரிசோதனை’ என்று கர்ப்பப்பை வாய்ச் சோதனையை விடுவதும் தவறு. அந்தப் புற்றுநோய்க்கும் மாதவிடாய்க்கும் தொடர்பில்லை. பல வருடங்களுக்கு முன் தொற்றிய எச்.பி.வி. வைரஸ்தான் காரணம். 65 வயதுக்குள் ஒருமுறைகூடச் செய்யாதவர்கள் கட்டாயம் செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது கால்சியம். மாத்திரை வாங்கியும் தப்பாகப் போடுபவர்கள் பலர். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை; கையோடு கால்சியமும். தைராய்டு மருந்தைக் கால்சியம் பிடித்துக்கொள்ளும், அது உடம்பில் சேராது. இரண்டுக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியம் கார்பனேட் கரைய வயிற்று அமிலம் தேவை, அதனால் சாப்பிட்டவுடன் போடுங்கள். ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் வேண்டாம். அட்டையில் ‘கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.’ என்றிருந்தால் அதில் உள்ள கால்சியம் 500 மி.கி.தான். ஒரு நாளைக்குச் சாப்பாட்டையும் சேர்த்தே 1200 மி.கி. போதும். இரண்டு டம்ளர் பாலில், அதாவது 300 மி.லி.யில், ஏறக்குறைய 360 மி.கி. வந்துவிடும், கேழ்வரகுக் கூழ், கீரை, தயிர் எல்லாம் மேற்கொண்டு.

60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டை வழக்கமாக வாரம் ஒன்றாக 8 வாரம் எழுதித் தருவார்கள். பழைய சீட்டை நீட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம் வரும், சிறுநீரகமும் கெடும்.

முகாமில் குதிகாலை வைத்துப் பார்க்கும் எலும்புச் சோதனையை நம்பி மருந்து தொடங்க வேண்டாம். இடுப்பிலும் முதுகெலும்பிலும் எடுக்கும் டெக்ஸா ஸ்கேன்தான் முடிவு சொல்லும்: எலும்பு அடர்த்தியைக் காட்டும் எண்ணான டி-ஸ்கோர் -2.5 அல்லது அதற்குக் கீழ் என்றால் எலும்புப்புரை, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய். 65 வயதில் எடுக்கலாம். 45க்கு முன்பே தீட்டு நின்றவர்கள், லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்தவர்கள் காத்திருக்கக் கூடாது.

அடிக்கடி நீர்க்கடுப்பு வந்தால் ஆன்டிபயாடிக்கையே திரும்பத் திரும்ப வாங்காதீர்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து பெண்ணுறுப்பின் சவ்வு மெலிவதுதான் பலருக்கு மூலக்காரணம். உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் தனக்கு ஆகுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்த இடத்தில் சோப்பும் கிருமிநாசினியும் போட்டுக் கழுவுவதை இன்றோடு நிறுத்துங்கள். வெறும் தண்ணீர் போதும்.