எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளும் லிம்போமா பயமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) வரும் என்று எங்கோ படித்துவிட்டு, மருத்துவரிடம் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. முடக்குவாதம் உள்ளவர்களுக்குப் பொதுவாகவே லிம்போமா வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. ஆண்டுக்கணக்கில் அழற்சி அடங்காமல் இருந்தவர்களுக்கு இன்னும் கூடுதல். ஆக, பழி முழுவதும் மருந்தின் மேல் இல்லை. நோயை அடங்காமல் விடுவதும் ஆபத்துதான்.

எல்லா மருந்தையும் ஒன்றாக நினைப்பதும் தவறு. குடல் அழற்சி நோயாளிகளைப் பற்றி 2017இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், ஆண்டுக்கு 10,000 பேரில் லிம்போமா வந்தவர்கள்: இந்த மருந்துகள் எடுக்காதவர்களில் 2.6, டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசி மட்டும் போட்டவர்களில் 4.1, அசதியோபிரின் வகை எதிர்ப்பாற்றல் குறைப்பு மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 5.4, இரண்டும் சேர்ந்தால் 9.5. கூடுகிறது, ஆனாலும் அரிதுதான். 35 வயதுக்குட்பட்ட ஆண்கள் மட்டும் இந்தக் கூட்டு மருந்தைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்: கல்லீரலையும் மண்ணீரலையும் தாக்கும் கடுமையான லிம்போமா பெரும்பாலும் அவர்களிடம்தான் காணப்பட்டது. இளவயதினர் அசதியோபிரின் தொடங்கும் முன் சில லிம்போமாக்களோடு தொடர்புடைய எப்ஸ்டீன்-பார் வைரஸ் ஏற்கெனவே தொற்றியிருக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பது நல்லது.

நெறிகட்டினால் நடக்கும் தவறுகள்தான் நோயாளிகளை உண்மையில் பாதிக்கின்றன. கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வலியில்லாத கட்டி 4 வாரம் தாண்டியும் வற்றவில்லை என்றால் இன்னொரு சுற்று ஆன்டிபயாடிக் போட்டுக் காத்திருக்கக் கூடாது. காரை எலும்புக்கு மேல் வந்தால் 4 வாரம்கூடப் பொறுக்க வேண்டாம். உடை நனையும் இரவு வியர்வை, 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல், 6 மாதத்தில் 10 சதவீத எடை இழப்பு ஆகியவற்றையும் "பழைய நோய்தான்" என்று தள்ளிவிடாதீர்கள். ரத்த அணு எண்ணிக்கை சரியாக இருப்பதால் லிம்போமா இல்லை என்று ஆகிவிடாது.

பயாப்சிக்கு (கட்டியின் திசுவை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) முன் ஸ்டீராய்டு அளவை ஏற்றினால் கட்டி சுருங்கி, முடிவு தெளிவில்லாமல் போகலாம். ஊசியால் உறிஞ்சி எடுக்கும் செல்கள் பல நேரம் போதாது. முடிந்தவரை நிணநீர்க் கணுவை முழுதாக எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

முடக்குவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர் அதைப் பயாப்சி பார்க்கும் மருத்துவரிடம் சொல்லாமல் விடக்கூடாது. அந்த மருந்தோடு வரும் சில லிம்போமாக்கள், மருத்துவர் சொல்லி அதை நிறுத்தினாலே சில வாரங்களில் வற்றுகின்றன. கீமோதெரபி தேவைப்படாமல்கூடப் போகலாம். வற்றியபின் திரும்பவும் வரக்கூடும் என்பதால் தொடர் பரிசோதனையை விடக்கூடாது.