நாலாவது நாள் என்றால் என்ன கிழமை?

போன மாதம் எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போர்ச்சுக்கீசியக் கடிதம் ஒன்றைத் தமிழாக்கிக் கொண்டுவந்து காட்டினார். 'தெர்சா ஃபெய்ரா' என்று இருந்த இடத்தில் 'புதன்கிழமை' என்று போட்டிருந்தார். "தெர்சான்னா மூணாவதுதானேண்ணே? திங்கள், செவ்வாய், புதன். சரியாத்தானே இருக்கு?" என்று விரலை மடக்கிக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வயிற்றையும் கலக்கியது. நானும் அப்படி விரலை மடக்கியவன்தான்.

எழுத்துப் பிழை, உச்சரிப்பு எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். அகராதியைத் திறந்தால் அவை சரியாகிவிடும். அகராதியைத் திறக்கவே தோன்றாத இடங்கள்தான் ஆபத்து. கிழமை விஷயத்தில் அப்படி வழுக்கிவிடும் தவறுகளைக் கீழே தலைப்புகளாகத் தருகிறேன்.

எண்ணைப் பார்த்ததும் திங்களிலிருந்து எண்ணுவது

அப்போது நான் தூத்துக்குடியில் முந்திரிக்கொட்டை இறக்குமதி செய்யும் ஓர் அண்ணாச்சிக்குக் கடிதப் போக்குவரத்து பார்த்துவந்தேன். மொசாம்பிக்கிலிருந்து சரக்கு வரும், கடிதம் போர்ச்சுக்கீசியத்தில் வரும். 'நாலாம் ஃபெய்ராவுக்குள் ஒப்புதல் வேண்டும்' என்று ஒரு கடிதம். நான் யோசிக்கவே இல்லை, வியாழன் என்று எழுதிக் கொடுத்தேன். அவர்கள் சொன்னது புதன். வியாழன் காலையில் எங்கள் ஒப்புதல் போய்ச் சேர்ந்தபோது, கப்பலில் எங்களுக்கு வைத்திருந்த இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. அடுத்த கப்பல் வரும்வரை கன்டெய்னர் துறைமுகத்தில் நின்றது, வாடகை ஏறிக்கொண்டே போனது. அண்ணாச்சி கத்தவில்லை. கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்தார், அவ்வளவுதான். அந்த எண் இன்னும் கண்ணில் நிற்கிறது.

விஷயம் இதுதான். போர்ச்சுக்கீசியத்தில் ஞாயிறு ஆண்டவரின் நாள், வாரத்தின் முதல் நாளும் அதுதான். ஆகவே இரண்டாவது திங்கள், மூன்றாவது செவ்வாய், நான்காவது புதன். ரோமானியத் தெய்வங்களின் பெயரில் நாட்களை அழைப்பதை 6-ஆம் நூற்றாண்டில், இன்றைய போர்ச்சுக்கலில் இருக்கும் பிராகா நகரத்தின் ஆயர் மார்ட்டின் கண்டித்தார். தேவாலயத்தில் புழங்கிய எண் பெயர்கள் அந்த மொழியில் ஊன்றிவிட்டன. 'ஃபெய்ரா'வுக்கு இன்று சந்தை என்றும் பொருள் உண்டு. அதை நம்பி 'நாலாம் சந்தை' என்று எழுதிவிடாதீர்கள். இங்கே அது திருநாளைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

கிரேக்கம், அரபி, ஹீப்ரு மூன்றிலும் இதே கணக்குதான். மலேசியத் தமிழர்கள் தினமும் காதில் கேட்கும் 'இஸ்னின்' அரபியின் 'இரண்டு', ஆனால் நாள் திங்கள். பாரசீகத்தில் சனி வெறும் 'ஷன்பே'. அதற்கு அடுத்து ஒன்று, இரண்டு என்று போகும். தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேயின் பெயரில் 'இரண்டு' இருக்கிறது, ஊர் வளர்ந்ததோ திங்கட்கிழமைச் சந்தையைச் சுற்றி.

சரி, இனி எல்லா இடத்திலும் ஞாயிறிலிருந்து எண்ணிவிடலாம் என்கிறீர்களா? அதுவும் உதைக்கும். ரஷ்ய மொழியில் 'இரண்டாவது' என்று பொருள்படும் 'வ்தோர்னிக்' செவ்வாய். சீனத்தில் எண் இரண்டு செவ்வாய், பக்கத்து வியட்நாமில் 'இரண்டாம் நாள்' திங்கள். ரஷ்யாவில் புதனுக்கு 'நடு' என்று வேறு பெயர். திங்களிலிருந்து எண்ணினால் அது நடுவில் வராது, ஞாயிறிலிருந்து எண்ணினால்தான் வரும். ஒரே மொழிக்குள் இரண்டு கணக்கு!

தான்சானியாவில் பேசும் ஸ்வாஹிலி இன்னும் மோசம். அங்கே சனிதான் ஒன்று. அதன்படி புதன் 'ஜுமாதானோ', அதாவது ஐந்தாவது. மறுநாள் வியாழனுக்கு அரபியிலிருந்து வாங்கிய 'அல்ஹமிசி'. அதற்கும் ஐந்தாவது என்றுதான் பொருள். அடுத்தடுத்து இரண்டு ஐந்தாம் நாட்கள். தான்சானியாவிலிருந்து வரும் கடிதம் என்றால் நான் இப்போதும் தேதியைக் கேட்டு வாங்காமல் கிழமையை எழுதுவதில்லை.

பழம்பாட்டில் வெள்ளியைக் கண்டதும் கிழமை என்பது

சங்கப் பாடல்களில் வரும் வெள்ளி, வானத்தில் தெரியும் கோள். அது தெற்கே சாய்ந்தால் மழை பொய்க்கும் என்ற நம்பிக்கையைத்தான் அங்கே பார்க்கிறோம். சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் 'வெள்ளி வாரத்து' என்று வருகிறதே, அது கிழமை. 'வாரம்' என்பதே அங்கே கிழமைதான். பக்கத்தில் 'வாரம்' நிற்கிறதா என்று பாருங்கள்.

கோள் வரிசையைச் சூரியனிலிருந்து அளப்பது

கிழமைகளின் வரிசை, கோள்கள் சூரியனிலிருந்து இருக்கும் தூரத்தின்படி அமைந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியென்றால் ஞாயிறுக்கு அடுத்து புதன் வர வேண்டும், வரவில்லை. மெதுவாக நகர்வதிலிருந்து வேகமாக நகர்வது வரை பழையவர்கள் அடுக்கிய வரிசை இது: சனி, வியாழன், செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன். ஒவ்வொரு மணி நேரத்தையும் வரிசையாக ஒரு கோளுக்குக் கொடுங்கள். 24-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3. சனிக்கிழமையின் முதல் மணி சனியுடையது என்றால், 25-ஆவது மணி சூரியனிடம் போகும். ஆகவே மறுநாள் ஞாயிறு. அங்கிருந்து இதேபோல் எண்ணினால் திங்கள், அப்புறம் செவ்வாய். 3-ஆம் நூற்றாண்டில் ரோம வரலாற்றாளர் டியோ காசியஸ் இந்தக் கணக்கை எழுதிவைத்திருக்கிறார். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் வீட்டுப் பஞ்சாங்கத்தில் ஓரைப் பட்டியலைப் பாருங்கள், அதே வரிசை. 'கிழமை' என்ற சொல்லுக்கே பழந்தமிழில் உரிமை என்றுதான் பொருள். முதல் ஓரை யாருக்கு உரியதோ, நாளும் அவருக்கே.

வியாழன் என்றால் தோர் என்பது

ஆங்கிலத்தின் 'தர்ஸ்டே' வடஐரோப்பிய இடித்தெய்வம் தோரின் பெயரில் வந்தது. அதனால் நம் வியாழனும் தோர்தானா? இல்லை. இருவருக்கும் நடுவில் ரோமானியத் தெய்வம் ஜூபிடர் நிற்கிறார். வியாழன் கோள் அவர் பெயருடையது, அவருக்கு ஈடாக வைக்கப்பட்டவர்தான் தோர்.

'கிழமைகள் எல்லாம் இந்தியாவிலிருந்து போனவைதான்' என்பது

கிழமை குறித்த பழைய இந்தியக் கல்வெட்டாக வழக்கமாகக் காட்டப்படுவது, மத்தியப் பிரதேசத்து ஏரண் தூணில் 484-இல் வெட்டியது. நாள், வியாழன். அதைவிடப் பழையது என்று எழுதுவதற்கு முன் கையில் ஒரு கல்வெட்டு இருக்கட்டும்.