லெதர் ஊத் சென்ட் வாங்கப் போறீங்களா? மூணு மணித்தியாலம் பொறுங்க

லெதர் மணமும் ஊத் எண்ட மரப்பிசின் மணமும் சேர்ந்த சென்ட்ட கடையில மணந்து பாத்துட்டு "சீ, மாட்டுக்கொட்டில்" எண்டு அங்கயே வெச்சிட்டு வாற ஆக்கள்தான் கூட. நானும் அப்படித்தான் வந்தன். மறுகா ராச்சாப்பாட்டுக்கு கை கழுவப் போகக்குள்ள மணிக்கட்டில இருந்து ஒரு மணம் வந்திச்சு பாருங்க, அடுத்த நாளே திரும்பிப் போய் வாங்கினன். அதால வாங்கப் போற அண்டைக்கு வேற ஒண்டும் பூசாமப் போங்க. காத்தான்குடிப் பக்கம் அத்தர் கடையில கண்ணாடிக் குச்சால புறங்கையில ஒரு கோடு இழுத்து விடுவாங்க, உடனே காசக் குடுக்காம வெளியில வந்து ஒரு பிளேன்டீ குடிச்சி, உங்கட வேலையப் பாத்துட்டு மூணு மணித்தியாலம் கழிச்சி மணந்து பாருங்க.

ஏன் இவ்வளவு நேரமெண்டா, லேசான சாமான்தான் முதல் பறக்கும். ஏலக்காய், எலுமிச்சை எல்லாம் கால் மணித்தியாலத்தில போயிரும். அதுக்குப் பிறகுதான் லெதர் எழும்பும், புதுச் சப்பாத்துப் பெட்டியத் திறந்த மாதிரி, ஓரத்தில கொஞ்சம் கரிப் புகையும். இதுக்காக ஒருத்தரும் தோலப் புழிஞ்சி எண்ணெய் எடுக்கிறதில்ல, பேர்ச் எண்ட மரத்திட பட்டையில இருந்து எடுக்கிற தார், ஐசோபியூட்டைல் குவினோலின் எண்ட கெமிக்கல், இதுகளாலதான் அந்த மணத்தக் கட்டுறாங்க.

கடைசியா அடியில கிடக்கிறது ஊத். நம்மட அகில்தான் அது. மரம் காயப்பட்டு பூஞ்சணம் பிடிச்சா அதுக்கு எதிரா சுரக்கிற பிசின், சுகமா நிக்கிற மரத்தில அந்த மணம் வராது. கட்டுநாயக்கா எயார்போர்ட்டில வல்லப்பட்டையோட ஆள் பிடிபட்டதெண்டு நியூஸ்ல வருமே, அதுவும் இந்தக் குடும்பத்து மரம்தான். உண்மையான ஊத் எண்ணெய் பயங்கர விலை, அதால மலிவு போத்தல்ல "ஊத்" எண்டு கிடந்தா அது லேப்ல செஞ்ச மணம். அது ஏமாத்து எண்டு நான் சொல்லமாட்டன், 2002ல வைஎஸ்எல் (இவ் செயின்ட் லோரன்) கம்பெனிட எம்7 எண்ட சென்ட் வந்த பிறகு வெள்ளைக்கார கம்பெனிகளும் இப்படித்தான் ஊத் செய்யப் பழகினது, சிலது நல்லாவே இரிக்கு.

இப்ப அடிக்கிற கத. நம்மட ஊர் சூட்டுக்கு ரெண்டே ரெண்டு ஸ்ப்ரே, சேட்டுக்கு உள்ள நெஞ்சில ஒண்டு, பிடரியில ஒண்டு. கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில ஒண்டே போதும், சூட்டுக்கு எல்லா மணமும் ஒரே நேரத்தில கிளம்பும். நான் ஒருக்கா ஆறு அடிச்சிட்டு கல்முனை பஸ்ல ஏறினன், பக்கத்தில இருந்த அம்மா முந்தானையால மூக்கப் பொத்திட்டு "தம்பி, தோல் தொழிற்சாலையிலயா வேல?" எண்டு கேட்டா. ஐப்பசி, கார்த்திகை மழைக்குத்தான் இது நல்லாப் பொருந்தும், அந்த நேரம் மூணு ஸ்ப்ரேயும் அடிக்கலாம்.

கலியாணம் பதினொரு மணிக்கெண்டா ஒம்பது மணிக்கே அடிச்சிருங்க, அந்தக் கொட்டில் மணம் வீட்டோட போகட்டும். அடிச்சிட்டு மணிக்கட்ட தேய்க்க வேணாம், சூடாகி முதல் மணம் கெதியாப் போகுமே தவிர வேற ஒரு பலனும் இல்ல. தோல் காஞ்ச ஆக்கள் முதல்ல கொஞ்சம் வஸ்லீன் பூசிட்டு அடிச்சா கூட நேரம் நிக்கும், தேங்காண்ணெய் பூசினா அதுட மணமும் சேர்ந்து வரும்.

அத்தரா இருந்தா காதுக்குப் பின்னால ஒரு பொட்டு காணும். சில ஊத் அத்தர் கறுப்புத் தேன் மாதிரி இரிக்கும், வெள்ளச் சேட்டில பட்டா போக்க ஏலா. மணமும் அப்படித்தான், கழுவின பிறகும் கொலர்ல கிடக்கும். அந்தச் சேட்ட அலுமாரியில தனிய வையுங்க, என்ட சேட்டோட கிடந்த தங்கச்சிட ஸ்கூல் யூனிபோர்ம் ஒரு கிழமையா சப்பாத்துக் கடை மாதிரி மணந்து, இப்பயும் அவள் எனக்குப் பேச்சுத்தான்.