ஜெனிட்சுவின் அலறலை ஓட்டிவிட்டுப் பார்க்காதீர்கள்

அதிரடி அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள்) பார்க்கும் பலர் சண்டை தொடங்கும்வரை நகைச்சுவையை வேகமாக ஓட்டிவிடுகிறார்கள். பிறகு, “இந்தப் பாத்திரம் வளரவே இல்லை” என்று தீர்ப்பும் சொல்கிறார்கள். அரக்கர்களை வேட்டையாடும் வாள்வீரர்களின் கதையான ‘டீமன் ஸ்லேயர்’ தொடரில் வரும் பயந்த வாள்வீரன் ஜெனிட்சு இந்த அவசரத்துக்கு அடிக்கடி பலியாகிறான்.

2019இல் வந்த முதல் சீசனின் 17ஆவது எபிசோடில், சிலந்தி அரக்கனைக் கண்டதும் அவன் கத்துகிறான், அழுகிறான், மரத்தில் ஏறிக்கொள்கிறான். விஷம் ஏறி முடி உதிர, மயங்கி விழுகிறான். அந்த மயக்கத்திலேயே வாளை உருவி, மின்னலாகப் பாய்ந்து அரக்கனின் தலையை வெட்டுகிறான். அந்தப் பாய்ச்சலைத்தான் எல்லாரும் வளர்ச்சி என்கிறார்கள். ஆனால் தூக்கத்தில் வெட்டுவதை அவன் 12ஆவது எபிசோடிலேயே செய்துவிட்டான். 17இல் புதிதாகத் தெரிய வருவது அவனுடைய பழைய கதை: பயிற்சிக்குப் பயந்து மரத்தில் ஏறி அழுதவன், ஆறு வாள் உத்திகளில் முதலாவதை மட்டுமே கற்க முடிந்தவன், அப்படியும் குரு கைவிடாதவன். முன்பு நம்மைச் சிரிக்க வைத்த அதே அழுகைக்கு இப்போது காரணம் தெரிகிறது.

அவனுடைய வளர்ச்சியை அறிய, விழித்திருக்கும்போது அவன் எடுக்கும் முடிவுகளைப் பாருங்கள். 13ஆவது எபிசோடின் முடிவில், கதாநாயகன் தஞ்சிரோவின் அரக்கியாக மாறிவிட்ட தங்கை நெசுகோ இருக்கும் பெட்டியை, இன்னொரு வாள்வீரன் இனோசுகே தாக்க வருகிறான். பெட்டிக்குள் இருப்பது அரக்கன் என்று ஜெனிட்சுவின் கூர்மையான காதுகளுக்கு முன்பே தெரியும். இருந்தும், தஞ்சிரோ உயிரைவிட மேலாக மதிக்கும் பொருள் என்பதற்காக, வாளை உருவாமல் குறுக்கே நின்று அடி வாங்குகிறான். மின்னல் பாய்ச்சலைவிட இந்தக் காட்சியைத்தான் நான் உயர்வாக மதிக்கிறேன். அலறலைத் தாண்டிச் சென்றவர்களுக்கு இதன் கனம் புரியாது. எவ்வளவு பயந்தவன் நிற்கிறான் என்று தெரிந்தால்தான் அவன் நிற்பதற்கு மதிப்பு.

அதற்காக எல்லா நகைச்சுவையையும் காப்பாற்ற வேண்டியதில்லை. வழியில் சந்திக்கும் பெண்ணைப் பிடித்துக்கொண்டு, தன்னைத் திருமணம் செய்யச் சொல்லிக் கெஞ்சும் காட்சி எனக்குச் சகிக்கவில்லை. சில அலறல்கள் நீளம் என்ற குறையிலும் நியாயம் உண்டு. மூலமான மங்காவில் (ஜப்பானிய காமிக்ஸ்) கோணல் முகம் ஒரு சிறிய கட்டத்துக்குள் முடிந்துவிடும். எவ்வளவு நேரம் பார்ப்பது என்பது வாசகர் கையில் இருக்கிறது. அனிமேயில் ஜெனிட்சுவுக்குக் குரல் கொடுக்கும் ஹிரோ ஷிமோனோவின் குரல் ஓயும்வரை நாம் காத்திருக்கத்தான் வேண்டும். இது காட்சியின் நீளத்தைப் பற்றிய குறை. பாத்திரம் பலவீனமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைச் சான்றாக்கக் கூடாது.

மங்காவில் இல்லாத எபிசோட் என்றாலே வீண் என்று ஒதுக்குவதும் தவறு. இன்னொரு அதிரடி அனிமேயான ‘டிராகன் பால் இசட்’ தொடரின் 125ஆவது எபிசோடில் நாயகன் கோகுவும் பிக்கோலோவும் கார் ஓட்டக் கற்கிறார்கள். கதைப்போக்குக்கு அது தேவையே இல்லை. ஆனால் ஒரு காலத்தில் கோகுவைக் கொல்லத் துடித்த பிக்கோலோ, சாதாரணச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு அவனோடு ஓட்டுநர் பயிற்சிக்கு வந்து நிற்கிறான். அந்தப் பகை எவ்வளவு தூரம் கரைந்துவிட்டது என்பதை இவ்வளவு எளிதாகச் சொல்லும் சண்டைக் காட்சி அந்தத் தொடரில் எனக்குத் தெரிந்து இல்லை.