பைஷார்க்கில் பாக்கெட் அலசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடி, பாகாயம், சத்துவாச்சாரி என்று வேலூரைச் சுற்றித் தங்கி இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் நெட்வொர்க் ட்ராஃபிக்கை இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாக எடுப்பதுண்டு. பைத்தான் கோடை எழுதி உடனே ஓட்டிப் பார்க்கும் ஜூபிட்டர் நோட்புக்கைத் திறந்து, பாக்கெட்டைப் படிக்க உதவும் பைத்தான் லைப்ரரியான பைஷார்க்கை இறக்கி, நாலு வரி கோட் எழுதினால் பாக்கெட்டுகள் (நெட்வொர்க்கில் தரவு போகும் சிறு துண்டுகள்) வரிசையாக வந்து நிற்கும். அதுவரை சுலபம். வந்ததை அப்படியே நம்பி கிராஃப் போடும்போதுதான் கோளாறு தொடங்குகிறது. கோட் சரியாக ஓடும், எந்தப் பிழைச் செய்தியும் வராது, ஆனால் எண்கள் தப்பாக இருக்கும். அந்த வகைத் தவறுகளைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

நிறுவும்போது வரும் சிக்கல்களை வேகமாகக் கடந்துவிடலாம். பைஷார்க் தானாகப் பாக்கெட்டைப் பிரிப்பதில்லை. பாக்கெட்டைப் பிடித்து அலசும் வயர்ஷார்க் நிரலோடு வரும் டிஷார்க் என்ற கட்டளை நிரலைப் பின்னால் ஓட்டி, அது சொல்வதைப் பைத்தானுக்கு எடுத்துக் கொடுக்கிறது. ஆகவே பைத்தான் லைப்ரரிகளை இறக்கும் பிப் மட்டும் போதாது, டிஷார்க்கும் வேண்டும். விண்டோஸில் லைவாகப் பிடிக்க என்பிகேப் என்ற டிரைவரும் வேண்டும். லினக்ஸில் அனுமதி இல்லை என்றதும் சுடோ போட்டு நோட்புக்கையே ரூட்டாக (முழு அதிகாரம் கொண்ட யூசராக) ஓட்டுவது ஆபத்து. யாரோ அனுப்பிய பாக்கெட்டைப் பிரிக்கிற பெரிய நிரல் முழுவதும் ரூட் அதிகாரத்தோடு ஓடும். பிடிக்கும் வேலை டம்ப்கேப் என்ற சின்ன நிரலுடையது. உபுண்டுவில் அதற்கு அனுமதி கொடுத்து, உங்கள் யூசரை வயர்ஷார்க் குரூப்பில் சேர்த்தால் போதும். ஜூபிட்டரில் ஈவென்ட் லூப் (பின்னணி வேலைகளை மாற்றி மாற்றி நடத்தும் சுற்று) ஏற்கெனவே ஓடுகிறது என்று பைஷார்க் முரண்டு பிடிப்பதற்கும் நல்ல வழி, டம்ப்கேப்பில் கோப்பாகப் பிடித்து வைத்துக்கொண்டு, சாதாரண பைத்தான் ஸ்கிரிப்ட்டில் நிதானமாக அலசுவதுதான். பெரிய கோப்பு என்றால் பைஷார்க்கில், படித்த பாக்கெட்டுகளை மெமரியில் வைத்திருக்கும் கீப் பாக்கெட்ஸ் அமைப்பை அணைத்துவிடுங்கள். ஸ்கேப்பி என்ற இன்னொரு பைத்தான் லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்கள் கோப்பு முழுவதையும் ஒரேயடியாக மெமரியில் ஏற்றாமல், ஒவ்வொரு பாக்கெட்டாகப் படிக்கும் ரீடரை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, எங்கே நின்று பிடிக்கிறோம் என்பது. ஹாஸ்டல் ஸ்விட்ச்சில் லேப்டாப்பைச் செருகிப் பத்து நிமிடம் பிடித்துவிட்டு, ஹாஸ்டல் ட்ராஃபிக் இவ்வளவுதான் என்று அறிக்கையில் எழுதக்கூடாது. ஸ்விட்ச் உங்கள் போர்ட்டுக்கு உங்களுடைய பாக்கெட்டையும் ப்ராட்காஸ்ட்டையும்தான் முக்கியமாக அனுப்பும். மற்றவை வேண்டுமென்றால் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர் போர்ட் மிரரிங் (மற்ற போர்ட்டுகளின் பாக்கெட்டை உங்கள் போர்ட்டுக்கும் நகலெடுத்து அனுப்புவது) போட்டுத் தரவேண்டும். சொந்த லேப்டாப்பிலேயே பிடிக்கும்போது இன்னொரு மாயை உண்டு: வெளியே போகிற பாக்கெட்டுகளில் செக்சம் (பாக்கெட் சிதையவில்லை என்று சரிபார்க்கும் எண்) தப்பு என்று காட்டும், வழக்கமான உச்ச அளவான 1500 பைட்டைத் தாண்டிய பாக்கெட்டுகளும் தென்படும். செக்சம் போடுவதையும் பாக்கெட்டைத் துண்டாக்குவதையும் நெட்வொர்க் கார்டு பிற்பாடு செய்கிறது. நீங்கள் பார்ப்பது அதற்கு முந்தைய நிலை. இதைத் தாக்குதல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் பிடித்தால் ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) பாக்கெட்டுகள் நிறைய வரும். அவற்றில் ஐபி என்ற லேயர் (பாக்கெட்டின் ஒரு அடுக்கு) இருக்காது, ஐபிவி6 என்றே இருக்கும். கோட் அங்கே நின்றுவிடுகிறது என்று பிழையைக் கண்டுகொள்ளாமல் விடும் ட்ரை, எக்செப்ட், பாஸ் போட்டு வாயை அடைத்தால், பாதி ட்ராஃபிக் சத்தமில்லாமல் கணக்கிலிருந்து போய்விடும். பைஷார்க் தரும் மதிப்புகள் பெரும்பாலும் எழுத்துச் சரம் என்பதையும் மறக்காதீர்கள். எண்ணாக மாற்றாமல் ஒப்பிட்டால் 100 என்பது 20ஐ விடச் சிறியதாகிவிடும். கூகுளின் ஆன்லைன் நோட்புக்கான கோலாபில் ஓட்டினால் நேரம் யுடிசியில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) வரும். ராணிப்பேட்டையில் மதியம் 2 மணி ஷிஃப்ட்டில் பிடித்தது கிராஃபில் காலை 8:30க்கு நிற்கும்.

நம் பக்கத்து மாணவர்களுக்கு மிகப் பொருத்தமானது என்று நான் நினைக்கும் களம், ஆலைக் கருவிகள் தரவு பரிமாறும் விதிமுறையான மோட்பஸ். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொது நிலையங்கள் இங்கே இருக்கின்றன. இத்தகைய ஆலைகளில் ஃப்ளோ மீட்டர், பிஎச் மீட்டர் போன்றவை பேசும் மொழிகளில் 1979இல் வந்த மோட்பஸ் முக்கியமானது. டிசிபி என்ற நெட்வொர்க் இணைப்பு முறை வழியாக வந்தால் வழக்கமாக 502ஆம் போர்ட் எண். என்க்ரிப்ஷன் கிடையாது, எல்லாம் திறந்தபடி போகும். அதனாலேயே எளிது என்று தோன்றும்.

ஆனால் அளவீட்டைப் படிக்கும்போது வரும் மோட்பஸ் பதிலில் எந்த ரெஜிஸ்டரின் (கருவி ஒரு மதிப்பை வைத்திருக்கும் இடம்) மதிப்பு என்பது இருக்காது, கேள்வியில்தான் இருக்கும். பதில்களை மட்டும் வடிகட்டி எடுத்தவர் பிஎச்சையும் வெப்பநிலையையும் ஒரே நெடுவரிசையில் கலந்துவிடுவார். டிரான்சாக்‌ஷன் ஐடியை (கேள்விக்கும் அதன் பதிலுக்கும் பொதுவான எண்) வைத்துக் கேள்வியையும் பதிலையும் ஜோடி சேர்க்க வேண்டும், அதுவும் ஒரே டிசிபி ஸ்ட்ரீமுக்குள் (ஒரே இணைப்புக்குள்). அடுத்தது ரெஜிஸ்டர் வரிசை. ஒரு ரெஜிஸ்டர் 16 பிட்தான், தசம எண்ணுக்கு இரண்டு வேண்டும், எதை முன்னால் வைப்பது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். 25.0 என்ற மதிப்பு ஹெக்ஸில் (16 அடிமான எண்முறை) 41 சி8, 00 00 என்று வரும். இரண்டையும் மாற்றிப் படித்தால் கிடைப்பது பூஜ்யத்தை ஒட்டிய ஒரு எண். ஓடிக்கொண்டிருக்கிற தண்ணீரை நின்றுவிட்டது என்று எழுதிவிடுவீர்கள். மீட்டரின் திரையில் அந்த நேரம் என்ன காட்டியது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு ஒப்பிடுங்கள். இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரியாது.

ஒரே டிசிபி பாக்கெட்டில் இரண்டு மோட்பஸ் செய்திகள் வரலாம். பெயரைச் சொல்லி லேயரைக் கேட்டால் பைஷார்க் முதலாவதைத்தான் தரும், இரண்டாவது விட்டுப்போகும். திரும்ப அனுப்பப்பட்ட பாக்கெட்டையும் எண்ணினால் ஒரே அளவீடு இருமுறை ஏறும். டிசிபி ரீடிரான்ஸ்மிஷன் என்று டிஷார்க் குறித்தவற்றை விலக்கிவிடுங்கள்.

அனுமதியை எழுத்தில் வாங்காமல் எதையும் தொடாதீர்கள். வேலூர் காந்தி ரோடு லாட்ஜ்களில் சிகிச்சைக்காக வந்த குடும்பங்கள் தங்கியிருக்கின்றன. அவர்கள் பயன்படுத்தும் வைஃபையில் பாக்கெட் பிடித்தால், என்க்ரிப்ஷன் இருந்தாலும், எந்தத் தளத்தைத் தேடினார்கள் என்பது டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு முகவரி கேட்கும் முறை) கேள்விகளிலேயே வெளிப்பட்டுவிடலாம். உரியவர் அனுமதியின்றி நெட்வொர்க்கிலிருந்து தரவு எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவில் வருகிறது. தீய நோக்கோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ப்ராஜெக்ட்டோடு கோடைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பிகேப் கோப்பை (பிடித்த பாக்கெட்டுகள் உள்ள கோப்பு) ஏற்றுவதும் வேண்டாம். மேலே கணக்கிட்ட அளவீடுகளை மட்டும் சிஎஸ்வியாக எடுத்து, ஐபி முகவரிகளை மாற்றி ஏற்றுங்கள். மூலக் கோப்பு வழிகாட்டும் ஆசிரியரிடம் இருக்கட்டும்.