12,34,56,789-ஐக் காரணிப்படுத்தும்போது எங்கே சறுக்குகிறது?

12,34,56,789 = 3² × 3607 × 3803. இந்த ஒரு வரி சரியாகக் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் சில பெருக்கல்தான். பெரும்பாலான தவறுகள் அதற்கு முன்பே நடந்துவிடுகின்றன.

இலக்கங்களைக் கூட்டினால் 45. ஆகவே 9ஆல் வகுபடும். 45தான் 5ஆலும் வகுபடுகிறதே என்று அடுத்த அடி வைத்தால் தப்பு. 5க்குக் கடைசி இலக்கத்தை மட்டும் பார்க்க வேண்டும். இலக்கங்களைக் கூட்டும் விதியை 27க்கும் நீட்டக்கூடாது: 1899இன் இலக்கங்களைக் கூட்டினால் 27, ஆனால் 27ஆல் வகுத்தால் 9 மீதி.

7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் சோதிக்க, வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து மாறி மாறிக் கழித்துக் கூட்டுவோம்: 789 − 456 + 123 = 456. இதை அந்த மூன்றில் எதுவும் வகுக்காது. எனவே மூல எண்ணையும் வகுக்காது. லட்சம், கோடிக் காற்புள்ளியையே பிரிப்பாக எடுத்து 789 − 56 + 34 − 12 என்று போடுபவர்கள் உண்டு. 7 × 11 × 13 = 1001 என்பதால்தான் விதியே வேலை செய்கிறது; 1000க்குப் பொருந்துவது 100க்குப் பொருந்தாது.

இனிதான் பொறுமை வேண்டும். 9ஐ நீக்கினால் மிஞ்சுவது 1,37,17,421. இதன் வர்க்கமூலம் சுமார் 3703.7. அதுவரை உள்ள பகா எண்களைச் சோதிக்க வேண்டும். ஆயிரம் வரை பார்த்துக் களைத்து, 'இது பகா எண்' என்று எழுதிவிடுவதே மிகப் பரவலான பிழை. 3607 எல்லைக்கு வெகு அருகில் ஒளிந்திருக்கிறது. மூல எண்ணின் வர்க்கமூலமான 11,111 வரை ஓடுவதும் வீண். ஒவ்வொரு முறை வகுத்த பிறகும் எல்லையைப் புதிதாகக் கணக்கிடுங்கள். 3803ஐத் தனியே சோதிக்க வேண்டியதில்லை: அதற்குச் சிறிய காரணி இருந்திருந்தால் முன்பே சிக்கியிருக்கும்.

கிடைத்த காரணியால் மறுபடியும் வகுத்துப் பார்க்க மறக்காதீர்கள். இலக்கங்களைத் திருப்பிப்போட்ட 98,76,54,321 = 3² × 17² × 3,79,721. இங்கே இரண்டாவது 17ஐ விட்டுவிடுவது எளிது.

மீண்டும் 12,34,56,789. இதன் காரணிகளின் எண்ணிக்கைக்கு அடுக்குகளோடு 1 கூட்டிப் பெருக்க வேண்டும்: 3 × 2 × 2 = 12. அடுக்குகளை அப்படியே பெருக்கினால் 2 வரும். அது பகா எண்ணுக்குரிய விடை. எல்லாக் காரணிகளின் கூட்டுத்தொகைக்கு 3²இன் பங்கு 1 + 3 + 9 = 13; நடுவில் உள்ள 3ஐ விட்டு 10 என்று எழுதாதீர்கள். 3607, 3803 இரண்டுக்கும் 1ஐக் கூட்டினால் போதும்: 13 × 3608 × 3804 = 17,84,22,816.

கடைசியாகக் கணினி. எக்செல்லில் 12,34,56,789ஐ வர்க்கப்படுத்தி முழு எண்ணாகக் காட்டச் சொன்னால் 15241578750190500 என்று காட்டும். உண்மையான விடை 15241578750190521. 15 இலக்கங்களுக்கு மேல் அது பூஜ்ஜியமாக்கிவிடுகிறது, ஒற்றைப்படை எண் 100ஆல் வகுபடுவதாகிவிடுகிறது! பைத்தானில் முழு எண்கள் துல்லியமாகவே இருக்கும். ஆனால் வகுக்கும்போது ஒற்றைச் சாய்கோடு போட்டால் விடை தசம எண்ணாக மாறி, பெரிய எண்களில் துல்லியம் போய்விடும். இரட்டைச் சாய்கோடு போடுங்கள்.